ரொட்டியக்காவுக்கு மட்டும் கிளம்பாத கார்

டீச்சருக்கு அந்தப் பட்டத்தை எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பெண்ணை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்த முதல் மாணவி "டீச்சர்" என்று ஆரம்பித்துவைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: ரெண்டாவது பிரேக். அது அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்தாலும் கோபப்பட மாட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

காரணம் இருக்கிறது. பயிற்சிக் காரில் பெடல்கள் இரண்டு ஜோடி. ஓட்டுகிறவர் காலடியில் கிளட்சும் பிரேக்கும் இருக்கிற மாதிரியே, பக்கத்தில் உட்காரும் டீச்சர் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. நடுவில் இரும்புக் கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். டீச்சர் அமுக்கினால் அந்தப் பக்கமும் சேர்ந்து இறங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாணவர் கிளட்சை அமுக்கி வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஸ்டார்ட் ஆகிவிட்ட சந்தோஷத்தில் காலைப் பட்டென்று எடுத்தும்விட்டார். வண்டி கியரில் கிடந்தது. துள்ளிக் குதித்துப் போய் எதிரே இருந்த பூந்தொட்டிக் கடைக்குள் தலையை நுழைத்தது. யாருக்கும் அடி இல்லை, தொட்டிகளுக்குத்தான் கிரகம். ஆனால் டீச்சர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அவள் வண்டியில் யாருக்கும் எதற்கும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

"பயப்படாதீங்க. என் கால் பெடலுக்கு மேல சும்மா நிக்கும். தேவைன்னாத்தான் தொடும்."

இதை அவள் மனப்பூர்வமாக நம்பினாள். நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறவற்றை இப்படித்தான் நம்புகிறோம்.

வீடு மாடியில். கீழே அவள் கணவரின் பட்டறை. இரண்டு கார்கள் நெருக்கி நிற்கலாம். மூன்றாவது வந்தால் ஒன்றைத் தெருவுக்குத் தள்ள வேண்டும். மெக்கானிக் பட்டறை என்றால் தரை முழுக்கக் கரி ஆயில் என்று நினைப்பீர்கள். இங்கே தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு சுத்தப் பைத்தியம். தோளில் ஒரு துணி, இடுப்பில் ஒரு துணி. எந்த வண்டி வந்தாலும் பேச்சுக் கொடுப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து கால் மேட்களை உருவுவார், உதறுவார், தண்ணீர் விட்டுக் கழுவுவார், பின்சுவரில் வரிசையாகத் தொங்கவிடுவார். அதற்குப் பிறகுதான் "என்ன பிரச்சினை?" என்ற கேள்வியே வரும். "என் அழுக்குச் செருப்போட அடுத்தவன் மேட்ட மிதிக்கறதுக்கு நான் என்ன போலீசா?" என்பார்.

போன மழைக்காலம் டீச்சருடைய பிறந்தநாளுக்கு அவர் என்ன வாங்கிக் கொடுத்தார் தெரியுமா? வண்டிக்கு ரப்பர் மேட். சேறு பட்டாலும் கழுவிவிடலாம், விளிம்பில் கரை கட்டியது, கனமென்றால் அப்படி ஒரு கனம். உலகத்தில் மற்ற பெண்களுக்குப் புடவையோ நகையோ வரும். "என் மேல இவ்வளவு பிரியமா?" என்று கேட்டாள் டீச்சர். "உம் மேல இல்ல, வண்டி மேல" என்றார் அவர். ஆனாலும் அதை விரிக்கும்போது அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், நகைக்கு இப்படிச் சிரித்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அந்த மழைக்காலத்தில்தான் ரொட்டியக்கா வந்து சேர்ந்தாள்.

டீச்சரைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஒடிசலான, குள்ளமான உருவம். இருக்கையை முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தால்தான் கால் எட்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு பேக்கரியில் வேலை. மாவு பிசைவது, அச்சில் போடுவது, அடுப்பறையில் நிற்பது எல்லாம் அவள்தான். கணவர் போனபிறகும் அந்த அடுப்புதான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கரையேற்றியது. ஆனால் இத்தனை வருஷம் மூச்சோடு மாவையும் இழுத்தாயிற்று. இப்போது மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கிறது. டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார், மாவு இருக்கிற அறையில் இனி நிற்கக்கூடாது என்று.

பேக்கரி முதலாளி கெட்டவர் இல்லை. கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிற வேன் ஓட்டுநர் வேலையை விட்டுப் போகப்போகிறார். "லைசென்ஸ் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, அந்த வேன் உங்களுக்கு" என்று சொல்லியிருந்தார். இல்லையென்றால் வீட்டில்தான் உட்கார வேண்டும். "வீட்ல உக்காந்து என்ன பண்றது டீச்சர்? ரெண்டு பொண்ணுங்க வீட்டுக்கும் மாத்தி மாத்திப் போய் டிவி பாக்கறதா?" என்று கேட்டாள் ரொட்டியக்கா. இந்தக் கேள்விக்காகவே டீச்சருக்கு அவளைப் பிடித்துப்போனது. தன்னைவிடப் பெரியவள் டீச்சர் என்று கூப்பிட, இவள் பதிலுக்கு அக்கா என்று கூப்பிட, பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றே குழப்பமாக இருக்கும்.

கற்றுக்கொள்வதில் ரொட்டியக்கா மந்தமில்லை. சின்னத் தட்டில் பெரிய ரொட்டியை நகர்த்திப் பழகிய கை; சந்தில் வண்டியைத் திருப்புவதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டீச்சருக்கு ஒரே ஒரு குறைதான். "அக்கா, கிளட்ச முழுசா அமுக்குங்க. தூங்கற குழந்தையத் தடவற மாதிரி தடவாதீங்க" என்று தினமும் சொல்வாள். "முழுசாத்தான் டீச்சர் அமுக்கறேன்" என்று ரொட்டியக்காவும் தினமும் சொல்வாள். டீச்சர் நம்பியதில்லை.

முதல் தேர்வு நாள். தேர்வு மைதானத்தில் டீச்சர் கம்பி வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். அவள் இடத்தில் தேர்வு அதிகாரி உட்காருவார். ரொட்டியக்காவுக்கு முன்னால் அதே காரில் கால்பந்து ஆடுகிற ஒரு பையன் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சிரித்துக்கொண்டே இறங்கினான். அடுத்து ரொட்டியக்கா. தலையணை வைத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. ஒரு முனகல்கூட இல்லை. விளக்கெல்லாம் எரிகிறது, வண்டி மட்டும் கல் மாதிரி நிற்கிறது. மறுபடி திருப்பினாள், மறுபடியும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல வண்டியா எடுத்துக்கிட்டு இன்னொரு நாள் வாங்கம்மா" என்று இறங்கிப் போய்விட்டார். டீச்சர் ஓடிவந்து தன் இடத்தில் உட்கார்ந்து, "இப்பத் திருப்புங்க பாக்கலாம்" என்றாள். திருப்பியதும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. ரொட்டியக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது மெக்கானிக்கின் தலைவலி.

எப்போதாவது மட்டும் வருகிற கோளாறு இருக்கிறதே, அதைவிடப் பெரிய எதிரி மெக்கானிக்குக் கிடையாது. முழுசாக உடைந்த வண்டி நேர்மையானது. இன்ன இடத்தில் வலி என்று காட்டிவிடும். இது அப்படியில்லை. பட்டறைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். அவர் மேட்களை உருவிக் கழுவித் தொங்கவிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்புவார். ஸ்டார்ட் ஆகும். நிறுத்தித் திருப்புவார். ஆகும். வெயிலில் நிறுத்திவைத்துத் திருப்பினார், விடியற்காலைக் குளிரில் திருப்பினார். எல்லாவற்றுக்கும் ஆனது. ரொட்டியக்கா சேர்ந்த புதிதில் வங்கியில் வேலை செய்கிற ஒரு ஒல்லிப் பெண்ணுக்கும் தேர்வன்று இதே மாதிரி நடந்திருந்தது. அப்போது பழி பேட்டரி மேல் விழுந்து, பேட்டரி மாற்றியாயிற்று. அந்தப் பெண் மனம் விட்டுப்போய் அதோடு வருவதை நிறுத்திவிட்டாள். இப்போது ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தார். இந்த மாதிரிக் காரில் கிளட்சை அடிவரை அமுக்கினால்தான் சாவி வேலை செய்யும். அதற்கென்று கிளட்ச் பெடலின் மேலே ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. வண்டிக்கு அடியில் தலைகீழாகப் படுத்து அதையும் பார்த்தார். தங்கமாக இருந்தது.

"வண்டியில ஒண்ணுமே இல்ல" என்றார் மனைவியிடம்.

"அப்ப எங்கிட்டதான் கோளாறா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. மூஞ்சி சொல்லுது."

இரண்டாவது தேர்வில் வண்டி இன்னும் மோசமாகக் காலை வாரியது. ரொட்டியக்கா திருப்பித் திருப்பி, கடைசியில் இருக்கையின் நுனிக்கே வந்து ஓங்கி மிதித்ததில் திடீரென்று ஸ்டார்ட் ஆனது. ஆனால் அதற்குள் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்து, முதல் வளைவிலேயே கம்பத்தை முட்டிவிட்டாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், பேக்கரி வாசலில் இறங்கும்போது சொன்னாள்.

"அந்தப் பையனுக்கு ஓடுது. உங்களுக்கு ஓடுது. உங்க வீட்டுக்காரருக்கு ஓடுது. எனக்கு மட்டும் ஓடல. என் ராசி அப்படி. விட்டுடலாம் டீச்சர்."

டீச்சருக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மூன்றாவது தேதிக்கு அவளே போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். வேன் ஓட்டுநர் போவதற்குள் கிடைத்த கடைசித் தேதி அது. இதிலும் தவறினால் முதலாளி வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, ரொட்டி காத்திருக்காது.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் டீச்சர் வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். ரொட்டியக்காவும் அடுப்பறைத் தலைத்துணியோடு அப்படியே கூட வந்திருந்தாள்.

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்" என்றாள் டீச்சர்.

மெக்கானிக் வழக்கம் போல மேட்களை உருவினார், உதறினார், கழுவினார், சுவரில் தொங்கவிட்டார். பிறகு யோசித்தார். "இத்தன நாளா நான் வண்டியத்தான் சோதிச்சேன். பரீட்சைய சோதிக்கல. அங்க எப்படி நடக்குதோ அப்படியே இங்க நடத்திப் பாக்கலாம். நான்தான் ஆபீசர். நீ பின்னாடி போ."

டீச்சர் தன் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முன்னால் அவர் அதிகாரி மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால்களைப் பெடலிலிருந்து விலக்கி மடக்கி வைத்துக்கொண்டார். முகத்தைக் கடுப்பாக்கி, "ம், எடுங்கம்மா" என்றார். ரொட்டியக்காவுக்கே சிரிப்பு வந்தது. சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட் ஆனது. நிறுத்தித் திருப்பினாள். ஆனது. திருப்பிய போதெல்லாம் ஆனது.

"பாத்தீங்களா? உங்க ராசிக்கு என்ன குறைச்சல்?" என்று அவர் இறங்கினார். காய்ந்திருந்த மேட்களை எடுத்து, துடைத்து, கரை மடங்காமல் அழகாக விரித்தார். வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். "ரோட்டுக்குக் கொண்டுபோங்க. நானே ஆபீசரா கூட வரேன்."

மறுபடி எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ரொட்டியக்கா சாவியைத் திருப்பினாள்.

ஒன்றுமில்லை.

ரொட்டியக்கா சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் எதையும் தொடல. சத்தியமா நான் ஒண்ணையும் தொடல" என்றார் மெக்கானிக், ஏதோ திருடிவிட்டதாக யாரோ சொன்ன மாதிரி.

"எறங்குங்க நீங்க" என்று பின்னாலிருந்து வந்து அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டு டீச்சர் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "இப்பத் திருப்புங்கக்கா."

ஸ்டார்ட் ஆனது.

அதைப் பார்த்ததும் ரொட்டியக்காவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அழுதாள். "நீங்க பக்கத்துல இருந்தாத்தான் ஓடுது டீச்சர். நாளைக்கு நீங்க இருக்க முடியாதே. அப்புறம் வேன்ல எப்படி இருப்பீங்க? ரொட்டி போடற கடைக்கெல்லாம் கூடவே வருவீங்களா?"

டீச்சர் கால்களைத் தூக்கி இருக்கையில் மடித்து அவள் பக்கமாக முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்கக்கா. இங்க பாருங்க. இன்னொரு தடவ திருப்புங்க. நான்தான் பக்கத்துலயே இருக்கேன்ல?"

ரொட்டியக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்பினாள். ஒன்றுமில்லை.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி மேல், ராசி மேல், எல்லாவற்றின் மேலும். நேராகத் திரும்பிக் காலைக் கீழே போட்டு, "திருப்புங்க!" என்று அதட்டினாள். வண்டி உடனே உறுமிக்கொண்டு எழுந்தது.

மெக்கானிக் ஜன்னல் வழியே தலையை விட்டு முள்ளையும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அங்கே பார்க்கவில்லை. குனிந்து தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கிளட்ச் பெடலின் மேல் இருந்தது. மேலே சும்மா நிற்கவில்லை. அடிவரை அழுத்திப் பிடித்திருந்தது.

அது எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அனுப்பவில்லை. அது தானாகவே போயிருந்தது. பூந்தொட்டிக் கடை நாளிலிருந்து, ஒவ்வொரு மாணவர் சாவியைத் தொடும்போதும், தினமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வண்டியை நிறுத்தச் சொன்னாள். தன் காலை எடுத்துவிட்டுத் திருப்பச் சொன்னாள். இல்லை. வைத்துவிட்டுத் திருப்பச் சொன்னாள். ஆனது.

"என்னங்க" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "கிளட்ச நான்தான் அமுக்கிட்டு இருந்திருக்கேன்."

"அவங்களும் அமுக்கறாங்களே? அவங்க கால் மட்டும் ஏன் போதல?" என்றபடி மெக்கானிக் அந்தப் பக்கம் ஓடினார். கதவைத் திறந்து மண்டியிட்டு, "அமுக்குங்கம்மா" என்றார். ரொட்டியக்கா அமுக்கினாள். முழுசாகத்தான் அமுக்கினாள். பெடல் போய் அந்தக் கனமான ரப்பர் மேட்டில் இடித்து நின்றது. அடிவரை போக இன்னும் ஒரு விரல்கனம் பாக்கி. பலமான கால் மிதித்தால் ரப்பர் அமுங்கிக் கொடுக்கும். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினாலும் கொடுக்கும். இந்த ஒடிசலான காலுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

மேட்டை உருவினார். "இப்பத் திருப்புங்க." டீச்சர் இரண்டு காலையும் இருக்கையில் தூக்கி வைத்துக்கொண்டாள். வண்டி ஸ்டார்ட் ஆனது.

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. மடியில் மேட்டைப் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன தடவ இந்த வண்டியப் பாத்தேன்! ஒவ்வொரு தடவயும் நோயக் கழட்டிச் செவுத்துல காயப் போட்டுட்டு, அப்புறம் வந்து நாடி பிடிச்சிருக்கேன்."

"இத வாங்கிக் குடுத்த அறிவாளி யாரு?" என்றாள் டீச்சர்.

"ஏன், ரொம்ப நல்லாருக்குன்னு அன்னிக்குச் சொன்னியே?"

"பிறந்தநாளாச்சேன்னு சொன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ரொட்டியக்கா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"டீச்சர், ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தான் கால் வெச்சீங்களா? இல்ல, ஓட்டும்போதும் வெச்சிருந்தீங்களா?"

டீச்சர் இருக்கையில் மடித்திருந்த தன் இடது காலைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளும் ஓட்டினது நானா, நீங்களா?"

யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. டீச்சருக்கு முகம் சுட்டது. கீறல் விழாத தொழில் என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறாள். முழுசாக அமுக்கியவளைப் பார்த்து, தினம் தினம், தடவாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். அவளை நம்பாதது நாக்கு மட்டுமில்லை, காலும்தான்.

"தெரியலக்கா" என்றாள் கடைசியில். "இப்பவே தெரிஞ்சுக்கலாம். வெளிச்சம் இருக்கு."

அவள் மறுபடி பின் இருக்கைக்குப் போனாள். கால்களை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள். முன்னால் மெக்கானிக், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மழையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தார். மேட் மறுபடி சுவருக்குப் போயிருந்தது. வண்டி தெருவுக்கு இறங்கியது.

முதல் திருப்பத்திலேயே எஞ்சின் அணைந்தது. ரொட்டியக்கா ஸ்டார்ட் செய்தாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி அணைந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில் ஏறும்போது வண்டி நின்று பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னை அமுக்கியே பிடித்துக்கொண்டார். டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இடது கால் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தது. பின் இருக்கையில் மிதிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் கணுக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்க்கையில் பேசாமலிருந்த மிக நீளமான நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

ரொட்டியக்கா பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். மூச்சை இழுத்து விட்டாள். நெஞ்சில் விசில் கேட்டது. அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். லாரிக்காரர் கத்தினார். "கத்தட்டும்" என்றாள் ரொட்டியக்கா, யாருக்கோ சொல்வது போல. ஸ்டார்ட் செய்து, கிளட்சை மெதுவாக, மிக மெதுவாக விட்டாள். ஒரு இடத்தில் கால் தானாக நின்றது.

"டீச்சர், வண்டி லேசா நடுங்குது. காலுக்குக் கீழ."

"அதேதான்" என்றாள் டீச்சர். "அந்த நடுக்கம்தான்க்கா எல்லாமே. அந்த இடத்துல பிரேக்க விட்டீங்கன்னா ஏறும். இத்தன நாளா என் கால வெச்சு அத உங்களுக்குத் தெரியாமப் பண்ணிட்டேன்."

ரொட்டியக்கா பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது. லாரிக்காரர் தாண்டிப் போகும்போது முறைத்தார். மெக்கானிக் அவருக்குக் கையசைத்தார்.

இருட்டும் வரை சுற்றினார்கள். அதற்குப் பிறகு வண்டி அணையவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டொரு தடவை அணைந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளே எழுப்பினாள்.

மறுநாள் தேர்வு மைதானத்தில் அதே அதிகாரி. ரொட்டியக்காவைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. "வண்டி இன்னிக்காவது கிளம்புமா?" என்றார். "கிளம்பும் சார்" என்றாள் அவள். தலையணையை வைத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். காலடியில் வெறும் தரை.

கம்பி வேலிக்கு வெளியே டீச்சரும் மெக்கானிக்கும் நின்றார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டதும் அவர் பெருமூச்சு விட்டார். வண்டி வளைந்து வளைந்து போயிற்று, கம்பங்களைத் தொடாமல் பின்னால் வந்தது, மேட்டில் பாதியில் நின்றது. அங்கே நிறுத்தி எடுக்க வேண்டும். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ, செருப்பு" என்றார் மெக்கானிக்.

குனிந்து பார்த்தாள். இடது கால் மண்ணைக் குடைந்து குடைந்து ஒரு பள்ளமே தோண்டியிருந்தது. செருப்பின் வார் அறுந்து தொங்கியது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வண்டி மேட்டைத் தாண்டிவிட்டது.

அன்று மாலை டீச்சர் இன்னொரு வேலையும் செய்தாள். வங்கியில் வேலை செய்கிற அந்த ஒல்லிப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "அன்னிக்கு வண்டி கிளம்பாதது உங்க தப்பில்லம்மா. எங்க தப்பு. சாயங்காலம் ஒருநாள் வந்து உக்காந்து பாருங்க. இந்தத் தடவ நான் கால வெக்க மாட்டேன்" என்றாள். அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, வருகிறேன் என்றாள்.

கால் விஷயத்தில் டீச்சர் ஒரேயடியாகத் திருந்திவிட்டாள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. அத்தனை வருஷப் பழக்கம் ஒரு சாயங்காலத்தில் போகுமா? பிரேக் பெடல் பக்கத்தில் கால் இப்போதும் தயாராகத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் மாணவர் சாவியைத் தொடும்போது இடது காலை வலது கால்மேல் போட்டுக்கொள்கிறாள். புதிதாக வருகிறவர்கள், டீச்சருக்கு ரொம்பத்தான் தெனாவட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் காலை பட்டறை வாசலில் ஹார்ன் சத்தம். டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரொட்டி வேன். உள்ளே தலைத்துணி இல்லாமல், படிய வாரிய தலையோடு ரொட்டியக்கா.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் போறேன். வரீங்களா டீச்சர்?"

டீச்சர் ஓடி இறங்கி, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேன் முழுக்க அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய வாசனை. ரொட்டியக்காவின் நெஞ்சில் விசில் இருக்கிறதா என்று டீச்சர் காது கொடுத்துக் கேட்டாள். எஞ்சின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. வேன் தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு வந்தது. எதிரே ஒரு பஸ், நிறுத்த வேண்டியதாயிற்று. ரொட்டியக்கா நிறுத்தினாள்.

டீச்சரின் கால் கீழே எதையோ தேடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முன்னால். வெறும் தகரம்.

"டீச்சர்" என்றாள் ரொட்டியக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க ஒண்ணும் இல்ல. கால மடிச்சு நல்லா சாஞ்சு உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். வேன் மேட்டில் ஏறியது.